எப்போது திறப்பது, எப்போது சாத்துவது

(பத்துமலை அடிவாரத்து மண்டபம் ஒன்றில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. சோப்புப் பெட்டி அளவுள்ள இந்தக் கருவியை மேசைமேல் வைக்கிறேன். முன்வரிசைத் தம்பி, இதில் என்ன எண் தெரிகிறது? சத்தமாகப் படியுங்கள். எழுநூற்றுப் பத்து. சரி, இந்த எண்ணை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்ப்போம்.

இன்று காலை 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இன்றைய பேச்சை இங்கிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது. அந்தக் குகையில் வழிபாட்டைத் தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை. 1892லிருந்து தைப்பூசம் நடக்கிறது. அன்று தொட்டு இன்று வரை அங்கே கற்பூரமும் ஊதுவத்தியும் எரியாத நாள் கிடையாது. அத்தனை புகையும் எங்கே போகிறது? மேலே பாருங்கள், பாறைக் கூரையில் வாய் திறந்திருக்கிறது. அது வழியாகத்தான் வெயில் உள்ளே இறங்குகிறது, மழையும் கொட்டுகிறது. சூடான புகை அந்த வாய் வழியாக மேலேறிப் போய்விடும். போன காற்றுக்கு ஈடாகப் படிக்கட்டுப் பக்கத்து வாசலிலிருந்து புதுக் காற்று உள்ளே வரும். கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி. நாற்பது கோடி ஆண்டுச் சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்துச் செய்த ஏற்பாடு இது.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் நம் வீடுகள் இருக்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஏர்கோன் ஓடுவதால் ஜன்னல் சாத்தியிருக்கும். அதே கற்பூரம், அதே ஊதுவத்தி, கூடவே கொசுவத்திச் சுருள். கூரையில் வாய் கிடையாது. அந்த அறைக் காற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

காற்றுத் தூய்மைக்கேடு என்று சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருவது புகைமூட்டம்தான். 1997ல் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839 வரை போனது. 2013 ஜூனில் மூவாரில் 746. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களால் மறக்க முடியாதது 2005 ஆகஸ்ட். சுமத்ராவில் காடும் சதுப்பு நிலத்து மக்கு மண்ணும் எரிந்த புகை கடல் தாண்டி வந்தது. ஆகஸ்ட் 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து அதை விலக்கிக்கொண்டார்கள்.

அப்போது நாங்கள் கிள்ளானில் குடியிருந்தோம். அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. எதிர்வீட்டுக் கதவின் நிறம்கூடத் தெரியாத அளவுக்கு வெளியே மூட்டம். நான் அறிவியல் ஆசிரியை அல்லவா, எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். வாசல்கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தேன். மேலே இருந்த காற்றுத் துளைகளில் பழைய நாளிதழை மடித்துச் செருகினேன். சாயங்காலம் ஆனதும், எந்நாளும் செய்வதுபோல, சாமிக்கு ஊதுவத்தி கொளுத்தினேன். இருட்டியதும் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருளை ஏற்றி வைத்தேன். கொசு கடித்தால் டெங்கி வருமே என்ற கவலை. ராத்திரி முழுக்க அம்மா இருமினார்கள். "வெளியே இருந்தாலே தேவலாம்போல இருக்கு" என்று சொன்னார்கள். வயசானவர் எரிச்சலில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா சொன்னது சரி. எனக்கு அது தெரியவர ஆண்டுகள் பிடித்தன. அந்தப் புகைமூட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2003ல், ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திச் சுருள்களை வாங்கி எரித்து அளந்திருந்தார்கள். நம் ஊர்க் கடைகளில் விற்ற சுருள்தான். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் நுண்துகளுக்குச் சமம் என்று கண்டார்கள். கண்ணை எரியவைக்கும் ஃபார்மால்டிஹைட் வாயு, சில சுருள்களில் 51 சிகரெட்டுகளின் அளவுக்கு வந்தது. நம்மில் யாராவது, தூங்கும் தாயின் கட்டிலுக்கு அடியில் எழுபத்தைந்து சிகரெட்டைக் கொளுத்தி வைப்போமா? நான் வைத்தேன். கதவிடுக்கையும் அடைத்துவிட்டு வைத்தேன்.

தாய்மார்களே, உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ராத்திரியில் நான் பார்த்தது வெளியே இருந்த காற்றை மட்டும்தான். வானொலி சொன்ன எண்ணை நம்பினேன். என் கையாலேயே அறைக்குள் உண்டாக்கிய புகைக்கு எண் சொல்ல ஆள் இல்லை.

அந்த வெளி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஐபியு என்று நாம் பார்க்கும் குறியீட்டைச் சுற்றுச்சூழல் துறையான ஜேஏஎஸ் வெளியிடுகிறது. 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் ஆபத்து. பத்துமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம் பத்து மூடாவில் இருக்கிறது. கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் செராஸுக்கும் தனித்தனி நிலையங்கள் உண்டு. அரசாங்கம் நல்ல கருவிகளை வைத்து முறையாக அளக்கிறது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு விஷயத்தை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதனால் காலை ஆறு மணிக்குத் திடீரென்று புகை சூழ்ந்தால், அந்த எண் உடனே எகிறாது. மெல்ல மெல்லத்தான் ஏறும். புகை விலகிய பிறகும் மெல்லத்தான் இறங்கும். இன்னொன்று, பிஎம் 2.5 என்று சொல்லும் மிக நுண்ணிய துகளைக் குறியீட்டில் சேர்த்ததே 2018ல்தான். 2005ல் அந்தத் துகளைத் தனியாக எண்ணிச் சொல்லவில்லை.

பிஎம் 2.5 என்றால் இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள துகள். உங்கள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியில் சிக்காது, சளியில் ஒட்டி வெளியே வராது. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் இறங்கும், அதில் மிக நுண்ணியது ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் மருத்துவர்கள் இழுப்போடு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சேர்த்துப் பேசுகிறார்கள். ஒரு நாள் சராசரி, கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது. நம் நாட்டின் தர அளவு 35.

இனி வீட்டுக்குள் போவோம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு ஒன்று. என் பழைய மாணவி அங்கே குடியிருக்கிறாள். மகனுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு. "டீச்சர், கீழே ரோட்டுப் புகைதான் காரணம், அதனால ஜன்னலையே திறக்கிறதில்ல" என்றாள். துகள் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் 14 காட்டியது. பரவாயில்லையே என்று காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் மாமியார் குளித்துவிட்டு வந்து, சாமி மாடத்தில் இரண்டு ஊதுவத்தி ஏற்றினார். பத்து நிமிடத்தில் எண் 200ஐத் தாண்டிவிட்டது. வத்தி அணைந்த பிறகும் ஜன்னல் சாத்தியபடியே இருந்ததால், பழைய நிலைக்கு இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறுநாள் அதே நேரம், அதே இரண்டு வத்தி. இந்த முறை கூடத்து ஜன்னலையும் எதிரே சமையலறை ஜன்னலையும் திறந்து வைத்தார்கள். இருபது நிமிடத்தில் தெளிந்துவிட்டது.

அந்த மாமியாரிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. அவரே கருவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனி ஒண்ணு போதும், ஜன்னலைத் திறந்துட்டு ஏத்தறேன்" என்றார். சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள்தான்.

சாம்பிராணி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டி, கரி நெருப்பில் சாம்பிராணி போட்டுக் கூந்தலுக்குப் புகை காட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். அவர்கள் அதைச் செய்தது தோட்டத்து லயத்தில், திறந்த வாசலில், ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்த வீட்டில். அதையே ஏர்கோன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால், புகை ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கரி நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு அது, ஆளையே கொல்லும். மேசைமேல் இருக்கும் கருவியிலும், கூடவே கொண்டுவந்திருக்கும் துகள் கருவியிலும் அது தெரியாது, அதற்கு வேறு கருவி வேண்டும். ஆகவே மூடிய அறையில் கரி நெருப்பே வேண்டாம். பச்சைக் குழந்தை இருக்கும் அறை என்றால் பேச்சுக்கே இடமில்லை.

அடுப்பங்கரைப் புகை நம் பெண்களுக்குப் புதிதல்ல. என் பாட்டி ஊதாங்குழலை வைத்து ரப்பர் விறகை ஊதி ஊதிக் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையைப் பொறுமையாக அளந்து எழுதியவர்களில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பணியாற்றும் கல்பனா பாலகிருஷ்ணன், தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் விறகடுப்புப் புகையை அளந்து 2002ல் ஆய்வு வெளியிட்டார். சமைத்த பெண்களுக்குத்தான் பாதிப்பு மிகுதி. சமைக்காமல் வீட்டில் இருந்தவர்களும் தப்பவில்லை. இப்போது நம்மிடம் கேஸ் அடுப்பு இருக்கிறது, விறகோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் மிளகாயும் கடுகும் தாளிக்கும்போது வீட்டில் எல்லோரும் தும்முகிறோமே, அந்த நேரத்தில் அடுப்புப் பக்கத்தில் கருவியை வைத்துப் பாருங்கள். புகைபோக்கி விசிறியைத் தாளித்து முடித்த பிறகு போடுகிறவர்கள்தான் அதிகம். சட்டி காயும்போதே போட வேண்டும், இறக்கிய பிறகும் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். சில வீடுகளில் அந்த விசிறி புகையை வெளியே தள்ளாமல், ஒரு வலையில் வடித்து அதே அறைக்குள் விடுகிறது. உங்கள் வீட்டில் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

தம்பி, இப்போது எண் என்ன? ஆயிரத்து முந்நூற்று நாற்பதா? இருபத்தைந்து நிமிடத்தில் 710லிருந்து 1340. இங்கே யாரும் எதையும் கொளுத்தவில்லை. மூச்சு மட்டும்தான் விட்டோம்.

மேசைமேல் இருப்பது கரியமில வாயுவை அளக்கும் கருவி. எண் பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்பது. வெளிக்காற்றில் இன்றைக்கு ஏறத்தாழ 420. நாம் விடும் மூச்சில் 40,000. ஆகவே ஓர் அறையில் எண் ஏற ஏற, நாம் இழுக்கும் காற்றில் அடுத்தவர் விட்ட மூச்சு எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சளிக்காய்ச்சலும் கொரோனாவும் காசநோயும் பரவுவது அந்த மூச்சு வழியாகத்தான். கரியமில வாயுவே இந்த அளவில் மூளையை மந்தமாக்குகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, அதனால் அதை நான் அழுத்திச் சொல்லப் போவதில்லை. ஆனால் மதியப் பாடவேளையில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டு முப்பது ஆண்டுகள் அவர்களைத் திட்டியவள் நான். ஒரு தடவையாவது ஜன்னலைப் போய்ப் பார்த்திருக்கலாம்.

நம் வேலையிடப் பாதுகாப்புத் துறை 2010ல் உட்புறக் காற்றுத் தரத்துக்கு ஒரு நடைமுறைக் கோவை வெளியிட்டது. அதில் கரியமில வாயுவுக்கு உச்ச அளவு 1,000 பிபிஎம். கார்பன் மோனாக்சைடு 10, ஓசோன் 0.05, ஃபார்மால்டிஹைட் 0.1 என்று மற்றவற்றுக்கும் வரம்பு உண்டு. நல்ல கோவை. ஆனால் அது இயந்திரக் காற்றோட்டம் உள்ள அலுவலகம் போன்ற வேலையிடங்களுக்கு. உங்கள் படுக்கையறைக்கு வந்து அளப்பதற்கு எந்த அதிகாரியும் இல்லை. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கை நாம் கழிப்பது அந்த அறையில்தான்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டு, உயரம் ஒன்பது. பெருக்கினால் 1,080 கன அடி, ஏறத்தாழ 30 கனமீட்டர். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கரியமில வாயு விடுவார். இரண்டு பேர் என்றால் 24 லிட்டர். 30 கனமீட்டர் என்பது 30,000 லிட்டர். சுத்தமாக அடைத்த அறை என்றால் மணிக்கு 800 பிபிஎம் ஏறும். இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் கசியும் என்று கழித்துக்கொண்டாலும், விடியும்போது 2,000, 3,000 என்று நிற்கும். "ஏர்கோன் ஓடுதே டீச்சர், காத்து வருதே" என்பார்கள். நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்ப விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு. இது தெரியாதவர்கள் படித்தவர்களிலும் நிறையப் பேர்.

ஜன்னல் ஓரத்து அண்ணன்மார் இருவரும் தயவுசெய்து அந்த நான்கு ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள். எதிர்ப்பக்கத்துக் கதவையும். நன்றி. மைக் சத்தம் வெளியே போனால் போகட்டும்.

இன்றைக்குத் திறக்கச் சொல்லிவிட்டேன். 2019 செப்டம்பராக இருந்தால் சொல்லியிருப்பேனா? அந்த மாதம் புகைமூட்டத்தால் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பள்ளிகளையே மூடினார்கள். அன்று ஜன்னலைத் திறந்திருந்தால் மூச்சுக்காற்று வெளியே போயிருக்கும், சுமத்ராப் புகை உள்ளே வந்திருக்கும். இதுதான் நம் ஊரின் சிக்கல். உள்ளே உண்டாகும் கேட்டுக்கு மருந்து திறப்பது, வெளியே இருந்து வரும் கேட்டுக்கு மருந்து சாத்துவது. எப்போதும் திறந்து வை என்பதும் தவறு, எப்போதும் சாத்து என்பதும் தவறு. எந்த நேரத்துக்கு எது என்று மூக்கு சொல்லாது. ஊதுவத்தி மணம் பத்து நிமிடத்தில் மூக்குக்குப் பழகிவிடும், கரியமில வாயுவுக்கு மணமே கிடையாது. அதனால்தான் அளக்க வேண்டும் என்று இத்தனை தூரம் சொல்கிறேன்.

இரண்டு கருவி போதும். கரியமில வாயுவுக்கு ஒன்று, நுண்துகளுக்கு ஒன்று. இரண்டையும் சில நூறு ரிங்கிட்டுக்குள் வாங்கிவிடலாம். வாங்கும்போது ஏமாறாமல் இருக்க வேண்டும். மலிவான சில பெட்டிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. வேறு வாயுக்களை முகர்ந்துவிட்டு ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. அவற்றின் பக்கத்தில் வாசனைத் திரவியத்தைத் தெளித்தால் எண் எகிறும். அகச்சிவப்பு ஒளியால் அளப்பது என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் வாசலில் திறந்த வெளியில் அரை மணி நேரம் வையுங்கள். 420க்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

துகள் கருவி, துகள் மேல் லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை எண்ணிச் சொல்கிறது. நம் ஊர் ஈரப்பதம் அதற்கு எதிரி. விடியற்காலை மூடுபனியில் துகள்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்துவிடும். கருவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அரசாங்க நிலையத்துக் கருவிக்கு இது நிகராகாது. ஆனால் நமக்கு வேண்டியது ஒப்பீடு. ஒரே கருவியை ஜன்னலுக்கு வெளியே பத்து நிமிடம், உள்ளே பத்து நிமிடம் வையுங்கள். வெளியே குறைவு என்றால் திறவுங்கள். உள்ளே குறைவு என்றால் சாத்துங்கள். நான்கு நாள் செய்தால் உங்கள் வீட்டின் நேரம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். பத்துமலைப் பக்கம் எம்ஆர்ஆர்2 சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் காலை, மாலை வேலைநேர நெரிசலில் வெளியே மோசமாக இருக்கும். பிற்பகலிலும் இடிமழை விட்ட பிறகும் பெரும்பாலும் திறக்கலாம்.

திறப்பதற்கு ஜன்னல் இருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட உள்விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? குடியிருக்கும் ஒவ்வோர் அறையிலும் தரைப்பரப்பில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமல் ஜன்னல் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாமல் காற்றுத் தடையின்றிப் போகும் திறப்பு இருக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு ஆறு சதுர அடித் திறப்பு. அந்த ஆறு சதுர அடியில் இப்போது நாம் என்ன வைத்திருக்கிறோம்? அலமாரி, துணிப்பெட்டி, ஒட்டிவிட்ட கண்ணாடித்தாள். கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பழைய கடைவீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். வீட்டு நடுவில் வானம் பார்த்த திறப்பு, கதவுக்கு மேல் காற்றுத் துளை, இழுத்து மூடும் லூவர் ஜன்னல். பத்துமலைக் குகையில் பார்த்த அதே ஏற்பாடுதான். ஏர்கோன் வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகச் சிமெண்ட் பூசி அடைத்தோம். நானே நாளிதழைச் செருகியவள்.

கொசுவுக்கு என்ன செய்வது? டெங்கி விளையாட்டுக் காரியமில்லை. சுருளை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். வலை இருந்தால் சுருளும் வேண்டாம், ஜன்னலும் திறந்திருக்கலாம். என்னைக் கேட்டால், இந்தப் பேச்சில் நான் சொல்லும் எல்லா யோசனையிலும் முதலில் காசு செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். அதற்கு வசதியில்லாதவர்கள் கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள்.

புகைமூட்ட நாட்களுக்குக் காற்று வடிகட்டி வேண்டும். ஹெப்பா என்னும் வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில்கூட நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடித்துவிடும். கடையில் விலையைப் பார்ப்பதற்கு முன் சிஏடிஆர் என்ற எண்ணைப் பாருங்கள், மணிக்கு எத்தனை கனமீட்டர் சுத்தக் காற்று தரும் என்பது அது. நாம் கணக்குப் போட்ட 30 கனமீட்டர் அறைக்கு, மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டும் என்றால் 150 வேண்டும். அதற்குக் குறைந்தால் மேசை அலங்காரம்தான். பணம் போதாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 2013ல் பெய்ஜிங் நகரம் புகையில் மூழ்கியபோது, தாமஸ் டால்ஹெல்ம் என்ற மாணவர் சாதாரண விசிறியின் முன் ஒரு ஹெப்பா வடிகட்டியைக் கட்டிவிட்டு அளந்து பார்த்தார், துகள் குறைந்தது. கொரோனா காலத்தில், 2020ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசென்தாலும் நான்கைந்து வடிகட்டிகளைப் பெட்டிபோல் ஒட்டி மேலே விசிறி வைத்த முறையைப் பரப்பினார்கள். என் மாணவர்கள் மேசை விசிறியை வைத்து அப்படி ஒன்று செய்திருக்கிறார்கள், பின்வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. போகும்போது பாருங்கள், கைவைத்துக் காற்று வருவதையும் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். வடிகட்டி துகளை மட்டும்தான் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. புகைமூட்ட நாளிலும் வெளியே எண் இறங்கும் நேரம் பார்த்துச் சற்று நேரம் திறந்து சாத்தத்தான் வேண்டும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. ஓசோன் விட்டுக் காற்றைச் சுத்தமாக்குவதாகச் சொல்லும் பெட்டி வேண்டாம். ஓசோனே நுரையீரலுக்குக் கேடு, சற்று முன் சொன்ன வரம்புப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. பூந்தொட்டி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பதை நானே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். 1989ல் நாசா செய்த சோதனையிலிருந்து வந்த பேச்சு அது. அடைத்த சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. 2019ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, ஜன்னல் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்று வந்தது. செடி வளருங்கள், கண்ணுக்கும் மனசுக்கும் நல்லது. ஜன்னலை மறைக்காமல் வையுங்கள்.

தம்பி, கடைசியாக ஒரு தடவை. எண்ணூற்றுத் தொண்ணூறு. இன்னும் இறங்கும்.

இந்த இரண்டு கருவியையும் நான் திரும்ப எடுத்துப் போகப் போவதில்லை. வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றிவரட்டும். கூடவே இந்த நோட்டுப் புத்தகமும் வரும். முதல் பக்கத்தில் என் வீட்டுக் கணக்கை எழுதியிருக்கிறேன்: தேதி, மணி, ஜன்னல் திறந்ததா சாத்தியதா, அந்த நேரத்தில் வீட்டில் என்ன எரிந்தது, எண் என்ன, வெளியே எண் என்ன. பெயர் எழுத வேண்டாம், யார் வீட்டுக் காற்று மோசம் என்று பேசிக்கொள்வதற்காக இல்லை. வயதானவர்கள், கைக்குழந்தை, இழுப்புக்காரர் இருக்கும் வீடுகள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். இந்த வாரம் யார் எடுத்துப் போகிறீர்கள்?

நீங்களா அக்கா? வாருங்கள். ராத்திரி கட்டில் தலைமாட்டில் வையுங்கள், மூச்சு நேராகப் படாத தூரத்தில். காலையில் எழுந்ததும், கதவைத் திறப்பதற்கு முன், எண்ணைப் பார்த்து எழுதிவிடுங்கள்.